இரண்டாவது கன்ட்ரோலரும் என்னைப் பார்க்க வந்தவரும்

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பது வீட்டில் மற்ற எல்லோருக்கும் பெரிய விஷயம். எனக்குப் பெரிய விஷயம் இரண்டாவது கன்ட்ரோலர். முதல் கன்ட்ரோலரில் இடது பக்கம் அமுக்கினால் திரையில் இருக்கிற ஆள் மரியாதையாக இடது பக்கம் போனான். இரண்டாவதில் அதே இடதை அமுக்கினால் குதித்தான். குதிக்கச் சொன்னால் ஆட்டத்தையே நிறுத்திவிட்டு மெனுவுக்கு ஓடினான். ஒரு வாரமாக இதே ரோதனை.

இது என்ன சமாச்சாரம் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் அத்தை மாதிரி நீங்களும் "அந்த டப்பா" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும், ஆனால் அந்த ஒற்றை போர்டுக்குள் ஒரு முழு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதை டிவியில் மாட்டி, எமுலேட்டர் என்று ஒரு புரோகிராமைப் போட்டுவிட்டால், நாங்கள் சின்ன வயதில் ஆடிய பழைய வீடியோ கேம் மெஷின் மாதிரி அது வேஷம் கட்டிக்கொள்ளும். அப்புறம் யுஎஸ்பி கன்ட்ரோலரைச் சொருகி ஆட வேண்டியதுதான். "ஆட வேண்டியதுதான்" என்று எழுத எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

கன்ட்ரோலர்களைச் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஜோடியாக வாங்கினேன். ஒரே நிறம், ஒரே வடிவம், கம்ப்யூட்டர் கேட்டால் இரண்டும் சொல்வது ஒரே பெயர். உள்ளே இருக்கிற சர்க்யூட் மட்டும் வேறு வேறு. ஒன்றில் குதிப்பதற்கு இருக்கிற நம்பர் இன்னொன்றில் இடது பக்கத்துக்கு இருக்கிறது. பாவம் எமுலேட்டருக்கு இது எப்படித் தெரியும்? பெயரைப் பார்த்து இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து, முதல் கன்ட்ரோலருக்கு எழுதியதையே இரண்டாவதற்கும் மாட்டிவிட்டது. இதைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. நாவலூரில் ஒரு கம்பெனியில் நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர் எழுதியதில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் தருகிறார்கள். வீட்டுக்கு வந்து அதே வேலையைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழி என்னவோ இருந்தது. பெயரை நம்பாமல், எந்த ஓட்டையில் சொருகியிருக்கிறது என்பதை வைத்து ஆளைப் பிரிக்க வேண்டும். மேல் ஓட்டையில் வருகிறவன் முதல் ஆள், கீழ் ஓட்டையில் வருகிறவன் இரண்டாவது ஆள். இரண்டாவது ஆளுக்குத் தனியாக எந்தப் பட்டனுக்கு எந்த நம்பர் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒருவர் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு பட்டன் பட்டனாக அமுக்கினால் இன்னொருவர் லேப்டாப்பில் வருகிற நம்பரைப் பார்த்து எழுதலாம். பிடித்திருப்பவரின் கட்டைவிரல், கன்ட்ரோலரில் குட்டியாக நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்டிக்கில் லேசாக உரசினால் போச்சு, அதையும் ஒரு பட்டன் என்று எடுத்துக்கொண்டு வேறு ஏதோ நம்பரைக் கக்கும். ஒற்றை ஆளாக, கன்ட்ரோலரை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு முயற்சி செய்து பார்த்தேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

உதவிக்கு ஆள் இல்லாமல் இல்லை. பெரியப்பா மகன் ஒரு நாள் வந்தான். அவனும் கம்ப்யூட்டர் வேலைதான். நான் வாயைத் திறப்பதற்குள் "குடு, நான் பாக்கறேன்" என்று என் கையிலிருந்து பிடுங்கி, பரோட்டா மாவு பிசைகிற மாதிரி எல்லா பட்டனையும் பிசைந்துவிட்டு, "இது டூப்ளிகேட் மாலுப்பா, தூக்கிப் போட்டுட்டு நல்லதா வாங்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனான்.

"குடு, நான் பாக்கறேன்." இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரிச்சி தெருக் கடையில் கன்ட்ரோலர் கேட்டபோது, "தம்பிக்கா மேடம்?" என்றார் கடைக்காரர். எனக்குத்தான் என்றேன். என் தோளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். இதற்கு முன்னால் என்னைப் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை இன்னும் ஒரு படி மேல். தனியாகப் பேசச் சொல்லி அனுப்பியபோது, என் மேசையைப் பார்த்ததும் உற்சாகமாகி, "குடுங்க, நான் பாக்கறேன்" என்று உட்கார்ந்து, என் மெமரி கார்டில் இருந்ததையெல்லாம் சுத்தமாக அழித்துவிட்டு, "இப்ப ஃப்ரெஷ்ஷா போட்டுக்கலாம்" என்று சிரித்தார். நான் அவரை வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் அப்பாவுக்கு இன்றுவரை புரியவில்லை.

கல்யாணமே வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வேலை முடிந்து வந்து தனியாக உட்கார்ந்து ஆடுவது எனக்கும் சலித்துவிட்டது. கன்ட்ரோலரை ஜோடியாக வாங்கியவள் எதற்கு வாங்கியிருப்பாள்? பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் என் கையில் இருப்பதைப் பிடுங்கக் கூடாது. போகிற வீட்டுக்கு என் மேசை என்னோடு வர வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். இதைச் சொன்னால் அத்தை, "பையனுக்கு என்ன சம்பளம்னு கேக்க வேண்டிய வயசுல, மேசை போட எடம் இருக்கான்னு கேக்குது பாரு" என்று மோவாயில் கை வைத்துக்கொள்வார்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. வீடு பல்லாவரத்தில், ஆட்சி எங்கள் குரோம்பேட்டை வீட்டில். ஃப்ரிட்ஜ் என்ன நிறத்தில் வாங்குவது என்பதிலிருந்து நான் எந்த காலேஜில் சேருவது என்பது வரைக்கும் அப்பா, "அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்பார். கேட்டபிறகு அது ஒரு வார்த்தையாக இருக்காது, முடிவாக இருக்கும்.

அன்றைக்குக் காலையிலேயே அத்தை வந்து இறங்கிவிட்டார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் அறை வாசலில் நின்றார். "நல்ல நாளும் அதுவுமா இந்த டப்பா, ஒயரெல்லாம் எதுக்குக் கண்ணுல படணும்? எடுத்து வைக்கச் சொல்லு" என்றார் அப்பாவிடம். நான் முன்னால்தான் நிற்கிறேன், என்னிடம் சொல்லவில்லை. அப்பா அம்மாவிடம், "எடுத்து வைக்கச் சொல்லேன்" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். "முடியாதும்மா, பாதியில நிக்குது, கழட்டினா மறுபடி முதல்லேர்ந்து பண்ணணும்" என்றேன். அம்மா பீரோவிலிருந்து ஒரு பூப்போட்ட விரிப்பை எடுத்து வந்து, போர்டு, கன்ட்ரோலர், லேப்டாப் எல்லாவற்றின் மேலும் போட்டு மூடினார். மூடியபிறகு மேசை மேல் யாரையோ கிடத்திவைத்த மாதிரி இருந்தது. அத்தைக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் திருநீர்மலை ஏறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்ததில் நேரமாகிவிட்டது. மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அப்பா. மாப்பிள்ளையின் அப்பா வாழைக்காய் பஜ்ஜிக்கென்றே வந்தவர் மாதிரி தட்டோடு ஐக்கியமாகிவிட்டார், வாயே திறக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சிரித்த முகம். என்னை உட்கார வைத்து, "தினமும் நாவலூர் வரைக்குமா போய்ட்டு வரே? இடுப்பு என்னத்துக்கு ஆகும்" என்று அக்கறையாகக் கேட்டார். நிஜமான அக்கறை. அதன்பிறகு ஜிஎஸ்டி ரோட்டில் சிக்னல் எங்கே எங்கே மாட்டிக்கொள்ளும் என்பதைப் பற்றி இரண்டு குடும்பமும் மனம்விட்டுப் பேசியது.

மாப்பிள்ளை மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தார். செய்து வருகிற சாமானை அளந்து பார்த்து, மயிரிழை கூடக் குறைய இருந்தாலும் திருப்பி அனுப்புகிற வேலை. நம்ம ஜாதிதான், குறை சொல்லிப் பிழைக்கிறவர் என்று நினைத்துக்கொண்டேன்.

"பசங்க தனியா ஏதாவது பேசணும்னா பேசிக்கட்டுமே" என்று வழக்கப்படி ஒரு குரல் வந்தது. வழக்கப்படி என் அறைக்குப் போனோம். வழக்கப்படி கதவு பாதி திறந்திருந்தது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் இந்த மாதிரி நேரத்தில் கதவைப் பாதிதான் மூட வேண்டும். அந்தப் பாதி வழியாக நேராகப் பார்க்கிற இடத்தில் அத்தை நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை கட்டில் ஓரத்தில், பஸ்ஸில் கடைசி சீட் கிடைத்தவர் மாதிரி உட்கார்ந்தார். "உங்களுக்கு என்ன பொழுதுபோக்கு" என்று கேட்கப் போகிறார், நான் "படிப்பேன்" என்று பொய் சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தேன். அவர் மேசையைப் பார்த்து, "துணிக்கு அடியில ஏதோ செவப்பா மினுக்குதே, என்னங்க அது?" என்றார்.

விரிப்பை எடுத்தேன். காட்டினேன். ஆரம்பித்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை. எமுலேட்டர், ஒரே பெயர் வைத்துக்கொண்டு உயிரை வாங்குகிற இரண்டு கன்ட்ரோலர்கள், மேல் ஓட்டை, கீழ் ஓட்டை எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கையை முழங்காலிலிருந்து எடுக்கவில்லை. நான் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், இதோ சொல்லப் போகிறார், "குடுங்க, நான் பாக்கறேன்".

"நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்க" என்றார்.

கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தேன். ஸ்டிக்கில் விரல் படக் கூடாது என்றேன். "எங்க கம்பெனில கேஜ் வெச்சு அளக்கும்போது மூச்சுகூட மெதுவாத்தான் விடணும்" என்று சொல்லிவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"மேல."

அமுக்கினார். லேப்டாப்பில் நம்பர் வந்தது. எழுதிக்கொண்டேன்.

"விடுங்க. இப்ப இடது."

அமுக்கினார். நான் சொன்னதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. சொன்னதை மட்டும் அமுக்கினார், சொன்னவுடன் விட்டார். ஒரு உரசல் இல்லை, ஒரு தேவையில்லாத நம்பர் வரவில்லை. "இதுக்கு அடுத்தது அதுவா இருக்குமோ" என்று ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை. இப்படி ஓர் ஆளோடு வேலை செய்து எத்தனை காலம் ஆயிற்று.

"என்னடி பண்றீங்க உள்ள?" என்றார் அத்தை, நாற்காலியிலிருந்தே.

"பேசிட்டிருக்கோம் அத்தை" என்றேன். "இப்ப கீழ" என்றேன் அவரிடம்.

கடைசி நம்பரையும் எழுதி, சேமித்து, எமுலேட்டரை மூடித் திறந்து, இருவரும் ஆளுக்கொரு கன்ட்ரோலரோடு என் அறை டிவி முன்னால் உட்கார்ந்தோம். "இடது அமுக்குங்க" என்றேன். அவருடைய ஆள் இடது பக்கம் நடந்தான். சும்மா சொல்லக் கூடாது, வேலையில் எந்த ரிலீஸுக்கும் நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. ஆடத் தொடங்கினோம். ஆட்டத்தில் மனிதர் மகா மோசம். கண்ணுக்கு நேராக இருக்கிற பள்ளத்தில் நடந்து போய் விழுந்தார். எழுந்து வந்து அதே பள்ளத்தில் மறுபடி விழுந்தார். விழுந்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். கதவு பாதி திறந்திருப்பதே மறந்துபோயிற்று.

சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "இதெல்லாம் என்கூட வரும். பரவாயில்லையா?"

"வரட்டுமே. என் ரூம்ல ஜன்னல் பக்கம் எடம் சும்மாத்தான் கெடக்கு. ஒரு மேசை போட்டுக்கலாம். ப்ளக் பாயின்ட்கூட இருக்கு."

மற்ற பெண்களுக்கு எதைச் சொன்னால் மனம் இளகுமோ எனக்குத் தெரியாது. எனக்கு ப்ளக் பாயின்ட். இவர்தான், போதும், இனிமேல் யாருக்கும் கேசரி கிண்ட வேண்டாம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். ஹாலுக்கு வந்தபோது என் முகத்தில் அது எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும். அம்மா பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

கிளம்புகிற நேரத்தில் அவருடைய அம்மா வீட்டைச் சுற்றிப் பார்க்க எழுந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம். என் அறையில் டிவியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கன்ட்ரோலர் இரண்டும் கட்டில் மேல் கிடந்தன.

"இது யாரோடதும்மா?"

"என்னோடது ஆன்ட்டி."

"வெளையாடறதுக்கா?" என்று என் கன்னத்தைத் தொட்டார். "நல்லதுதான். ஆனா இதெல்லாம் இங்கயே இருக்கட்டும், என்ன? அப்பா அம்மாவப் பாக்க வரும்போது வெளையாடிக்கோ. நம்ம வீட்ல இதுக்கெல்லாம் எடம் ஏது?" அதட்டல் இல்லை, குத்தல் இல்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு மகன் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா?"

"ஆமாம்மா" என்றார் அவர். "எடம் இல்லதான்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பயம் இல்லை. பொய் சொல்கிற சங்கடம் இல்லை. ஜன்னல் பக்கம் இடம் சும்மா கிடக்கிறது என்று சொன்னபோது இருந்த அதே நல்ல முகம். என்னைப் பார்த்துப் புன்னகைகூடச் செய்தார். அடுத்தது என்ன என்று கேட்கிற மாதிரி காத்துக்கொண்டிருந்தார்.

"ஜன்னல் பக்கம் இருக்குன்னு சொன்னீங்களே" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். "ஆமாம்மா, ஜன்னல் பக்கம் இருக்கு" என்று அந்த நிமிஷமே சொல்லியிருப்பார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அதற்கு அவர் அம்மா ஒன்று சொன்னால் அதற்கும் ஆமாம் சொல்லியிருப்பார். கொஞ்ச நேரம் முன்னால் என்னைச் சொக்க வைத்த குணம்தான் அது, வேறு எதுவும் இல்லை. அப்போது சொன்னது நான், இப்போது சொன்னது அவர் அம்மா. நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. அழுகை வந்தது. அவர் ஒரு அயோக்கியராக இருந்து தொலைந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

அவர்கள் போய்ச் சேர்வதற்குள் காரிலிருந்தே போன் வந்துவிட்டது. அவர்களுக்குச் சம்மதம். பெண்ணிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து வெகுநாளாயிற்று. "அப்ப சரின்னு சொல்லிடவாம்மா?" என்றார்.

"வேண்டாம்பா."

அப்பா போனை மேசையில் வைத்தார். "உள்ள ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சீங்க. ஹாலுக்கே கேட்டுது. பையன்கிட்ட என்ன கொற?"

"கொற ஒண்ணும் இல்ல. நான் சொன்னா எனக்கு ஆமாங்கறாரு. அவங்கம்மா சொன்னா அவங்களுக்கு ஆமாங்கறாரு. தினம் காலைல எழுந்து அவங்களுக்கு முன்னாடி நான் முந்திக்கிட்டுச் சொல்லணும். அந்தப் பொழப்பு எனக்கு வேண்டாம்."

அத்தைக்கு வந்ததே கோபம். "பெத்தவ பேச்சைக் கேக்கறது ஒரு குத்தமா? அதுக்குப் பேரு நல்ல பிள்ள. இந்தக் காலத்துல எங்க கெடைக்குது? கண்ட டப்பாவுக்கு எடம் இல்லன்னு ஒரு நல்ல எடத்தை வேண்டாங்குது. நீ போனை எடுத்து சரின்னு சொல்லு, அவளுக்கு அப்புறம் புத்தி வரும்."

"அக்கா சொல்றதும் சரிதானேம்மா" என்றார் அப்பா.

அம்மா பஜ்ஜித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கிய தட்டுகளை அப்படியே தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார்.

அப்பா திரும்பினார். அம்மா பக்கம் இல்லை, அத்தை பக்கம். யோசித்துத் திரும்பவில்லை, கழுத்து தானாகப் போயிற்று.

"அங்க பாக்காதீங்க." அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் வாயத் தொறந்தா நீங்க அங்கதான் பாக்கறீங்க. நானும் பாத்துட்டேதான் இருக்கேன். அவ என் பொண்ணு. என்னைப் பாத்துப் பதில் சொல்லுங்க."

மாப்பிள்ளையைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு நான் இவ்வளவு நேரமும் அம்மாவின் வாழ்க்கையை எடுத்து நடுஹாலில் வைத்திருந்தேன். எத்தனை வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், எனக்கு இது தெரியாது. தெரியாமல் என்ன, நான் பார்க்கவில்லை.

அப்பா அம்மாவைப் பார்த்தார். பார்க்கத் தெரியாதவர் மாதிரி பார்த்தார். பிறகு "சரி, வேண்டாம்னு சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார்.

மறுமுனையில் மணி அடிக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. அவர் பேசி முடிக்கிற வரைக்கும் அம்மா தட்டுகளை எடுக்காமல் அங்கேயே நின்றார்.